பெருமிதம்: ‘பிரைட்’ என்பதற்கு உரிய தமிழ்ச் சொல்

ஜூன் மாதம் பிறந்தால் புதுச்சேரியிலும் கடலூரிலும் நாம் படிக்கும் நாளிதழ்களில் ‘பிரைட்’ (pride) என்ற சொல் தலைகாட்டுகிறது. தம் பாலினத்தவரிடமே ஈர்ப்புக் கொண்டவர்களும் திருநங்கையர் முதலானோரும் தலைநிமிர்ந்து நடத்தும் ஊர்வலத்தின் பெயர் அது. சிலர் அதை அப்படியே எழுத்துப்பெயர்த்து எழுதுகின்றனர். சிலர் ‘ஓரினச்சேர்க்கையாளர் கொண்டாட்டம்’ என்கின்றனர். ‘வண்ணத் திருவிழா’ என்று முடித்துக்கொள்வோரும் உண்டு. மூன்றிலும் குறை இருக்கிறது. தமிழ் எழுத்தில் ‘பிரைட்’ என்றால் மணப்பெண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லா, ஒளியைக் குறிக்கும் சொல்லா என்றே தெரியாது. இரண்டாவது பெயர், மூலச் சொல்லை விட்டுவிட்டு அங்கே நடப்பவர்களைப் பற்றி எழுதுபவர் கொண்ட எண்ணத்தை மொழிபெயர்க்கிறது. மூன்றாவது, கேமராவுக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர், ‘பயன்படுதல்’ என்ற பொருளுடைய இலத்தீன் வினையில் இருக்கிறது. அதிலிருந்து பிறந்த பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘வீரமிக்க’ என்பது பொருள். ஆங்கிலத்திற்குள் வந்தபோதுதான் அது செருக்கைக் குறிக்கலாயிற்று. நார்மானிய வீரர்கள் தம்மைப் பாராட்டிச் சொல்லிக்கொண்ட சொல், அவர்களுக்கு அடங்கி வாழ்ந்தவர்களின் காதில் இறுமாப்பாக ஒலித்திருக்கும் என்று கருதுவோர் உண்டு. கத்தோலிக்க மறைக்கல்வியில் தலையான பாவங்கள் ஏழனுள் முதலாவதாகச் சொல்லப்படுவதும் இந்தச் செருக்கே.

பெருமிதம் என்ற தமிழ்ச் சொல்லுக்கும் இதே இரண்டு முகங்கள் இருப்பது அரிய பொருத்தம். ‘பெருமை பெருமிதம் இன்மை சிறுமை பெருமிதம் ஊர்ந்து விடல்’ என்னும் 979-ஆம் குறளில் அது செருக்கு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலிலோ, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அது உயர்ந்து நிற்கிறது. ‘கல்வி தறுகண் புகழ்மை கொடை’ என்னும் நான்கின் வழியே பிறக்கிறது. தறுகண் என்பது அஞ்சாமை. அந்த எட்டனுள் இளிவரல் என்பது இழிவாக எண்ணப்படும் நிலை. அது பிறக்கும் நான்கு இடங்களுள் பிணியும் ஒன்று. தன்பாலீர்ப்பை, அதாவது தம் பாலினத்தவரிடமே ஈர்ப்புக் கொள்ளும் இயல்பை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973-இல்தான் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால், பெருமிதம் எந்த மெய்ப்பாட்டுக்கு எதிராக எழுந்த சொல் என்பது தெளிவாகிவிடும். தமக்குள் எதையோ பெரிதாக நினைத்துக்கொண்டவர்கள் சூட்டிய பெயர் அன்று அது; நோயாளி என்றும் குற்றவாளி என்றும் அழைக்கப்பட்டவர்கள் இனித் தலைகுனிவதில்லை என்று முடிவு செய்து எடுத்துக்கொண்ட பெயர்.

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் தன்பாலீர்ப்புள்ளோர் கூடிவந்த ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் 1969 ஜூன் 28 அதிகாலை போலீசார் சோதனைக்கு வந்தபோது, வழக்கம்போல் கலைந்து செல்லாமல் அங்கிருந்தவர்கள் எதிர்த்து நின்றனர். ஓராண்டு கழித்து அதே நாளில் அவர்கள் நடத்திய ஊர்வலத்தின் பெயரில் ‘விடுதலை’ என்ற சொல்லே இருந்தது. ‘பிரைட்’ என்ற பெயரை முன்மொழிந்தவராக அறியப்படுபவர், அந்த ஊர்வலத்தைத் திட்டமிட்ட குழுவில் இருந்த கிரெய்க் ஷூன்மேக்கர். அதிகாரம் வாய்க்காத மனிதருக்கும் பெருமிதம் வாய்க்கும் என்பது அவருடைய வாதம். தொல்காப்பியரின் தறுகண்ணுக்கு இது வெகு அருகில் நிற்கிறது என்பேன்.

ஸ்டோன்வாலுக்கு முன்பே தொடங்கி, 1965 முதல் 1969 வரை ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் தன்பாலீர்ப்புள்ளோரின் ஒரு சிறு குழு பதாகை ஏந்தி வரிசையாக நடந்தது. ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும், பெண்கள் பாவாடையோ கவுனோ அணிய வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. வேலைக்குத் தகுதியானவர்களாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக வகுத்த விதி அது. அந்த அடக்கமான உடை சட்டத்தை அசைக்கவில்லை. நாளிதழ்களின் முதல் பக்கத்தையும் பிடிக்கவில்லை. ‘ஒழுங்காக உடுத்தி வந்தால் ஊர் மதிக்குமே’ என்று இன்று அறிவுரை கூறுவோருக்கு இந்த ஐந்தாண்டு வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

ஊடகப் படத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் தொடங்குகிறது. நமக்கு வந்து சேரும் படத்தில் இறகுக் கிரீடம், வெற்று மார்பு, கனத்த முகப்பூச்சு ஆகியவை இருக்கும். அவையும் பேரணியில் இருப்பவையே. அவற்றை மறைக்க வேண்டும் என்றோ அவர்களுக்காக வெட்கப்பட வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நம் பகுதியினருக்கு, ஆண் ஒருவர் பெண்வேடம் கட்டி ஆடுவது புதிதும் அன்று. ஆனால் அந்த ஒருவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக வருபவர்கள் சாதாரணப் பருத்திச் சட்டையில் இருக்கிறார்கள். செவிலியர், ஆசிரியர், தேவாலயக் குழுவினர், குழந்தை வண்டி தள்ளிவரும் தம்பதியர், பதாகைக் கம்பைத் தோள் மாற்றிக்கொண்டு தண்ணீர் கேட்பவர், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நடப்பவர் எனப் பெரும்பகுதி நேரம் அது மெதுவாக நகரும் ஒரு கூட்டம், அவ்வளவே. 1972-இல் ஜீன் மான்ஃபோர்டு என்ற பள்ளி ஆசிரியை, தன்பாலீர்ப்புள்ள தம் மகனோடு நியூயார்க் ஊர்வலத்தில் நடந்தார். பெற்றோர்கள் தம் பிள்ளைகளுக்காக ஒன்றுசேர வேண்டும் என்று எழுதிய அட்டை அவர் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய பெற்றோர் கூட்டம் பின்னாளில் அந்நாடெங்கும் கிளைகள் கொண்ட அமைப்பாயிற்று. இறகுக் கிரீடத்தை அறிந்த அளவுக்கு நம் வாசகர்கள் அந்தத் தாயை அறியவில்லை.

இந்தியாவில் 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் நடந்த முதல் நடைப்பயணத்தில் சுமார் 15 பேரே கலந்துகொண்டனர். சென்னையில் முதல் பேரணி 2009 ஜூனில் மெரினா கடற்கரையில் நடந்தது. இங்கு நடந்த தொடக்ககாலப் பேரணிகளில் சிலர் அட்டை முகமூடி அணிந்து வந்தனர். வீட்டு உரிமையாளர் பார்த்துவிடுவார், மறுநாள் அலுவலகத்தில் கேட்பார்கள், அப்பா பேப்பரில் கண்டுவிடுவார் என்பவையே காரணங்கள். செய்திப் படத்தில் அதே முகமூடி திருவிழாக் கோலமாகத் தெரிந்தது. அச்சத்தால் அணிந்ததை அலங்காரம் என்று படிக்க வைப்பதைவிடப் பெரிய பிழையைப் படக்குறிப்பு எழுதுபவர் ஒருவர் செய்துவிட முடியாது.

நமக்கு இன்னும் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா பெருமிதப் பேரணி அன்று. அதன் வேரும் பொருளும் வேறு. எனினும் ஊடகம் அதை நடத்தும் விதம் ஒன்றேதான். ஆண்டுதோறும் சித்திரையில் வெளியாகும் படங்கள் இரண்டே வகை: விழுப்புரத்து அழகிப் போட்டி, மறுநாள் தாலி அறுத்து அழும் திருநங்கையர். கூத்தாண்டவராகிய அரவானுக்கு நேர்ந்துகொண்டு தாலி கட்டிக்கொள்ளும் சுற்றுவட்டார ஆண்களும் சிறுவர்களும் அந்தப் படத்தில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சந்தித்துக்கொள்ளும் தோழியர் விடுதி அறையில் ஒருவருக்கொருவர் தலைவாரிப் பூச்சூடி ஊர்க்கதை பேசுவதும் அதில் இல்லை. கூத்தாண்டவர் கோயில் கடலூர் மாவட்டத்துக் கொத்தட்டையிலும் உண்டு, புதுச்சேரிப் பிள்ளையார்குப்பத்திலும் உண்டு. ஆயினும் நம் ஊர் வழிபாட்டையே நாம் அந்த இரண்டு படங்களின் வழியாகப் பார்க்கப் பழகிவிட்டோம்.

இனி, சொல் தேர்வு. ‘ஓரினச்சேர்க்கை’ என்பது ஒரு மனிதரின் அன்பையும் இயல்பையும் உடற்செயல் ஒன்றுக்குள் அடக்கிவிடுவதால், அந்தச் சொல்லோடு வரும் செய்தியில் எந்தப் படத்தைப் போட்டாலும் அது ஆபாசமாகவே படிக்கப்படுகிறது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களின் சென்னை உயர் நீதிமன்ற ஆணைகளைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு அரசு பாலினம், பாலீர்ப்பு தொடர்பான சொற்பட்டியலை வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் (queer), திருநர் (transgender) போன்ற சொற்கள் இன்று செய்தித் தமிழிலும் புழங்கத் தொடங்கியுள்ளன. ‘கொண்டாட்டம்’ என்பது பேரணியின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்தும். ‘வானவில் பேரணி’ நல்ல பெயர். கில்பர்ட் பேக்கர் 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் வடிவமைத்த வானவில் கொடியை அது நினைவூட்டுகிறது. ஆனால் அது கொடியின் பெயரே அன்றிக் கருத்தின் பெயர் ஆகாது. ‘சுயமரியாதைப் பேரணி’ என்று சொல்வோர், 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டில் வேரூன்றிய ஒரு சொல்லை எடுத்துக்கொள்கின்றனர். அதை நான் மறுக்கமாட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலச் சொல்லை விட்டு, ‘பெருமிதங்களின் நடை’ என்னும் பொருளில் தம் மொழியிலேயே பெயரிட்டுக்கொண்டதைப் புதுச்சேரியில் இருக்கும் நாம் நினைவில் கொள்ளலாம்.

என் தேர்வு பெருமிதம். குறளின் பொருளை முன்வைத்து அதை மறுப்பவர்களுக்கு, ஆங்கிலச் சொல்லும் செருக்கு என்ற பழியைச் சுமந்துகொண்டே இந்தப் பொருளுக்கு வந்தது என்பதே என் விடை. ஜூன் மாதத்தைப் ‘பெருமித மாதம்’ என்றும், ஊர்வலத்தை ஒற்று மிகுத்துப் ‘பெருமிதப் பேரணி’ என்றும் எழுத வேண்டும். படக்குறிப்பில் ‘ஆட்டம் பாட்டத்துடன்’ என்ற அடைமொழியை, படத்திலிருப்பவர் உண்மையிலேயே ஆடிக்கொண்டிருந்தால் மட்டும் சேர்க்கலாம். நடந்துகொண்டிருந்தால் ‘நடந்தனர்’ என்று எழுதுவதே முறை.