தீபாவளிச் சீரும் நகைக் கடன் கவுன்ட்டரும்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளருக்கு உரைகல்லைக் கீழே வைக்க நேரம் இருக்காது. பதினோரு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். திருப்பூரில் நகைக் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். பள்ளிக் கட்டணத்துக்கு நகை வைக்கிறவர்கள் ஜூனிலேயே வந்து போயிருப்பார்கள். தீபாவளி வாரத்தில் வருகிறவர்களில் பாதிப் பேர் தங்களுக்காக வருவதில்லை. யாருக்கோ எதையோ கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்காக வருகிறார்கள்.

2021 தீபாவளிக்கு முன்பு ஒருவர் வந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். (அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மகளுக்குத் தலை தீபாவளி. மனைவியின் இரண்டு பவுன் வளையல்களை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். 50,000 ரூபாய் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு அரைப் பவுன் மோதிரம், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் துணி, சம்பந்தி வீட்டில் நாலு பேருக்குத் துணி, அப்புறம் ஸ்வீட், பட்டாசு, பழத்தட்டு.

"சம்பந்தி எதுவும் கேக்கலைங்க சார். நாமளா பாத்துச் செய்யறதுதானுங்க" என்றார்.

எனக்கு அந்த வார்த்தைதான் மனதில் நின்றது. சம்பந்தி கேட்டிருந்தால் இவர் கொஞ்சம் குறைத்துப் பேசியிருப்பார். கேட்காததால் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைக்குப் போனால் சேலைக்குச் சேலை நூறு ரூபாய் கூடிக்கொண்டே போகும், "இதைப் போய் அவங்களுக்குக் கொடுக்கறதா" என்று மனைவி ஒரு பேச்சு சொன்னால் முடிந்தது.

அடுத்த வருஷம் வட்டியை மட்டும் கட்டி அதே நகையை மறுபடி அடகு வைத்தார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. 9 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 4,500 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 13,500. அவர் வாங்கிய சமயத்தில் அரைப் பவுன் 18,000 சொச்சம். ஆக அந்த மோதிரத்தை முக்கால்வாசி இன்னொரு தடவை வாங்கியிருக்கிறார், எங்களிடம். இத்தனைக்கும் இது வங்கி வட்டி. தெருமுனை வட்டிக்கடையில் வைத்திருந்தால் கணக்கே வேறு.

எங்கள் ஊரில் தீபாவளி என்றால் போனஸ். சட்டம் கணக்கில் எடுக்கும் வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதுதான் இந்த 8.33, அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தை நம்பி மூன்று மாதச் சம்பளத்துக்குத் திட்டம் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பணம் கைக்கு வருவதற்குள் மளிகைப் பாக்கிக்கும் கைமாற்றுக்கும் பாதி போய்விட்டிருக்கும். மிச்சத்துக்கு வளையல் வருகிறது, இல்லையென்றால் கிரெடிட் கார்டு.

கார்டில் 30,000 ரூபாய்க்குத் துணியும் ஒரு மிக்ஸியும் வாங்கியாயிற்று என்று வையுங்கள். பில் வரும்போது "குறைந்தபட்சத் தொகை 1,500" என்று போட்டிருக்கும். அட, 1,500தானே என்று கட்டிவிடுவோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,050, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 189. நீங்கள் கட்டிய 1,500-இல் அசலுக்குப் போனது 261 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே ஓடும். முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் கார்டு நல்ல பொருள்தான், நானும் வைத்திருக்கிறேன்.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்று ஒன்று. கிரெடிட் கார்டில் வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது வேறு வழி: வட்டித் தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார், வங்கி அதை வட்டியாக வசூலிக்கிறது. 24,000 ரூபாய் போனுக்கு ஆறு மாதத்தில் 1,000 ரூபாய் வட்டி என்றால் அந்த வட்டியின்மேல் 180 ரூபாய் ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான் விழும். பிராசஸிங் கட்டணம் தனி. மொத்தமாகக் காசு கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போயிற்று. பெரிய தொகை இல்லை, சரி. ஆனால் தம்பிக்குப் போன் வாங்கிக்கொடுத்த தவணை சித்திரை வரை வரும்போது கொடுத்த சந்தோஷம் எந்த மாதத்தோடு முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

தீபாவளிச் சீட்டு பற்றிச் சுருக்கமாக. பக்கத்து வீதி அக்கா நடத்துகிறார், வாரம் இருநூறு, கடைசியில் ஸ்வீட், பட்டாசு, வெள்ளிக்காசு என்றால், நல்லவர் என்பதைத் தவிர உங்களிடம் எந்தப் பிடிமானமும் இல்லை. ஏலச் சீட்டு என்றால் 1982 சட்டப்படிப் பதிவு வேண்டும். அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019 சட்டம் தடை செய்கிறது. அதற்குப் பதில் வங்கியில் மாதம் ஆயிரமாக ஒரு வருஷ ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டால் 12,000 கட்டி 12,400 பக்கம் கிடைக்கும். துணிதான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் கோ-ஆப்டெக்ஸில் மாதாமாதம் கட்டும் திட்டம் இருக்கிறது, கடைசியில் அவர்களும் தங்கள் பங்கைப் போடுவார்கள். தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடியும் உண்டு.

எங்கள் வீட்டில் நான் செய்வது இதுதான். ஆடி மாதமே தங்கைக்கும் மைத்துனருக்கும் போன் போட்டுவிடுவேன். "குழந்தைங்களுக்கு மட்டும் துணி, பெரியவங்களுக்கு வேண்டாம், சரியா?" முதல் வருஷம் தங்கை ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணா, நானே எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றாள். ஐப்பசியில் இதைப் பேச முடியாது. அதற்குள் ஒருவர் எடுத்துவிட்டிருப்பார், மற்றவர் பதிலுக்குச் செய்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு. பெயர், போன வருஷம் கொடுத்தது, இந்த வருஷத் தொகை. பெயர் நோட்டில் இல்லாதவருக்குக் கடையில் நின்றுகொண்டு எதுவும் எடுப்பதில்லை. பழத்தட்டு, பூ, பஸ் டிக்கெட், போகிற வழியில் வாங்கும் கால் கிலோ ஸ்வீட் எல்லாம் அதிலேயே ஏறும். ஸ்வீட்டை அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போட்டால் சண்டை போடுங்கள். கிலோ 800 ரூபாய்க்கு அட்டையை யாருக்கும் பரிசாகக் கொடுக்க வேண்டியதில்லை.

கட்டிங் மாஸ்டரிடமும் ஆர்.டி. போடச் சொன்னேன். "அதுக்கெல்லாம் காசு நிக்காதுங்க" என்றார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் 250 ரூபாயை எடுத்து வையுங்கள், மாசத்துக்கு ஒருமுறை கட்டிவிடலாம் என்றேன். போன தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னால் வந்து முதிர்ந்த பணத்தை வாங்கினார். 12,400 சொச்சம். அங்கேயே நின்று இரண்டு தடவை எண்ணினார்.

"காதர்பேட்டைக்குப் போறேனுங்க. பேரனுக்கு ரெண்டு செட், மாப்பிள்ளைக்கு ஒரு சட்டை. சம்பந்திகிட்டப் பேசிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அவருக்கும் அங்க மூத்த பொண்ணு வீட்டுக்குச் செய்யணும்ல சார். நல்லதாப் போச்சுன்னுட்டாரு."

வளையல் இன்னும் எங்கள் பெட்டகத்தில்தான் இருக்கிறது. அசலில் 20,000 பாக்கி.