ஒரே பேட்டரி, இரண்டு வேன்

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2022இல் ஐடி.பஸ் (ID. Buzz) என்ற மின்சார வேனைக் கொண்டுவந்தபோது இரண்டு வடிவங்களில் கொண்டுவந்தது. ஒன்று ஜன்னலும் சீட்டுமாக ஆட்கள் போகும் வண்டி. மற்றது கார்கோ. அதில் முன்னால் இரண்டு அல்லது மூன்று பேர் உட்காரலாம், முதுகுக்குப் பின்னால் தடுப்புச் சுவர், அதற்கப்புறம் 3.9 கன மீட்டர் காலி இடம். அப்போது இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தரைக்குக் கீழே 77 யூனிட் பேட்டரி, பின்பக்கம் 150 கிலோவாட் மோட்டார். (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான், ஒரு கிலோவாட்-மணி.) ஐரோப்பியச் சோதனையில் இரண்டும் ஒரே சார்ஜில் ஓடிய தூரம்கூட 420 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் அந்த 77 யூனிட் அன்றாட ஓட்டத்தில் எங்கே போய்த் தீர்கிறது என்று பார்த்தால், இரண்டும் வேறு வேறு வண்டிகள்.

முதலில் காற்று. வேனின் முகம் பெரியது, சுமார் 3 சதுர மீட்டர். அவ்வளவு காற்றையும் விலக்கிக்கொண்டுதான் அது ஓட வேண்டும். ஆள் வண்டியின் காற்றுத்தடை எண் (குறையக் குறைய நல்லது) 0.285, கார்கோவுக்கு 0.29. பெட்டி போன்ற உருவத்துக்கு இது நல்ல எண்தான். இதை வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டர் போக, காற்றுக்கு மட்டும் சுமார் 11 யூனிட் ஆகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை கூடுவதால் 130இல் அதுவே 19 யூனிட்டைத் தொடும். டயர் உருளுவதற்கு 7 யூனிட், மோட்டாரிலும் மின்கருவிகளிலும் வீணாவது கொஞ்சம். எல்லாம் சேர்த்து 100இல் ஓட்டினால் சுமார் 21 யூனிட், 130இல் 30ஐ நெருங்கும். சோதனைத் தாளில் 420 என்று பார்த்துவிட்டு ஜெர்மன் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 130இல் விரட்டினால் 260 கிலோமீட்டரிலேயே பேட்டரி காலியாகிவிடும்.

எடைதான் ரேஞ்சை, அதாவது ஒரே சார்ஜில் ஓடும் தூரத்தை, தின்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் அவ்வளவாக இல்லை. கூடுதலாக 400 கிலோ ஏற்றினால் டயர் தடை கூடுவதால் 100 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும், அவ்வளவுதான். ஊருக்குள் நின்று நின்று போகும்போதும் பயப்பட ஒன்றுமில்லை. அந்த 400 கிலோவை 50 கிலோமீட்டர் வேகத்துக்கு நூறு முறை கொண்டுபோனால் மொத்தம் ஒரு யூனிட்தான் வேண்டும். அதிலும் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி ஒரு நல்ல பகுதியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பிவிடும். டெலிவரிக்கு மின்சார வேன் இவ்வளவு பொருந்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டீசல் வேனில் ஒவ்வொரு பிரேக்கும் வெறும் சூடாகப் போய்விடுகிறது.

வித்தியாசம் பெரிதாகத் தெரிவது குளிர்காலத்தில். டீசல் எஞ்சினில் வீணாகும் சூட்டை எடுத்து உள்ளே அனுப்பினால் போதும். மின்மோட்டாரில் வீணாகும் சூடு சொற்பம், அதனால் சூட்டையும் பேட்டரியிலிருந்தே வாங்க வேண்டும். வெளியே பூஜ்ஜியம் டிகிரி என்றால், பின் சீட் வரை நீளும் பெரிய கேபினுக்குச் சாதாரண ஹீட்டர் 4 கிலோவாட் எடுக்கலாம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட 21 யூனிட் செலவழிக்கும் வண்டிக்கு 4 யூனிட் தாங்கக்கூடியதுதான். நகர நெரிசலில் நிலைமை வேறு. ஒரு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர்தான் நகர்ந்தோம், ஓட்டத்துக்கே நாலைந்து யூனிட்தான் ஆனது என்றால், ஹீட்டரும் கிட்டத்தட்ட அதே அளவு குடித்துவிடுகிறது. ரேஞ்ச் பாதி!

ஆட்கள் நிறைந்த வேனில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏழு பேர் மூச்சுவிடும் ஈரம் அத்தனை கண்ணாடிகளிலும் படியும். பனி மூடாமல் இருக்க, உள்ளே ஏற்கெனவே சூடான காற்றை வெளியேற்றிவிட்டு வெளியிலிருந்து குளிர்ந்த, உலர்ந்த காற்றை இழுத்து மறுபடி சூடாக்க வேண்டும். ஆளுக்கு 100 வாட் என்று ஏழு உடம்பும் 700 வாட் சூட்டைத் தருவதை ஆறுதலாகச் சொல்லலாம், ஆனால் அது போதாது. எனவே ஆள் வண்டி வாங்குபவர் ஹீட் பம்ப் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இறைப்பதால் மின்செலவு ஏறத்தாழ பாதியாகக் குறையும். கார்கோவில் தடுப்புச் சுவருக்கு முன்னால் இருக்கும் சின்ன இடத்தைச் சூடாக்கினால் போதும். அதுவும் டிரைவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து இறங்கும் வேலை என்றால் காற்றைச் சூடாக்குவதே வீண். நூறு வாட்டுக்கும் குறைவாக எடுக்கும் சீட் ஹீட்டர் அவருக்குப் போதும். ஏசியை நினைத்துப் பயப்படும் நம்மூர் ஆட்களுக்கு ஒரு சேதி: 40 டிகிரியை 25 ஆக்குவது, மைனஸ் 5ஐ 21 ஆக்குவதைவிட எளிது.

சரி, எவ்வளவு ஏற்றலாம்? கார்கோவில் சுமார் 600 கிலோ. அதை 3.9 கன மீட்டரில் பரப்பினால் கன மீட்டருக்கு 150 கிலோதான் வருகிறது. ரொட்டி, துணி, பார்சல் என்றால் எடை வரம்பைத் தொடுவதற்கு முன் இடம் நிறைந்துவிடும். டைல்ஸோ தண்ணீர் பாட்டிலோ என்றால் முக்கால் வண்டி காலியாக இருக்கும்போதே வரம்பு வந்துவிடும். பேட்டரியே சில நூறு கிலோ கனம், அதுவும் வண்டியின் மொத்த எடைக் கணக்கில்தான் சேர்கிறது.

ஆள் வண்டியில் 2022இல் ஐந்து சீட்தான். 25 சென்டிமீட்டர் நீட்டிய ஏழு சீட் வண்டியை 2023இல் காட்டினார்கள். டிரைவரை விட்டுவிட்டு ஆளுக்கு 75 கிலோ என்று ஆறு பேர், அப்புறம் தலைக்கு 20 கிலோ பெட்டி என்று ஏழு பேருக்கும் வைத்தால் 590 கிலோ. அதாவது ஒரு குடும்பம் சுற்றுலா கிளம்பினால் கார்கோவின் முழு லோடு. பெட்டிகளைக் கூரையில் கட்டுபவர்கள் கவனிக்க: ஏழு பேரின் பெட்டிகளும் சேர்ந்த 140 கிலோ உள்ளே இருந்தால் 100 கிலோமீட்டருக்கு அரை யூனிட்கூட ஆகாது. கூரைப் பெட்டியாக மேலே போனால் செலவு எடையில் இல்லை, காற்றில். அது வேகத்தோடு ஏறும்.

கார்கோவை வாங்கி, வேண்டும்போது சீட் போட்டுக்கொண்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். பழைய ஃபோக்ஸ்வாகன் வேனில் அது சகஜம். பென் பான் என்ற டச்சு வியாபாரி 1947இல் கிறுக்கிய படத்திலிருந்து பிறந்து 1950இல் உற்பத்திக்கு வந்த அந்த வண்டியில், சீட்டைக் கழற்றினால் சரக்கு, மாட்டினால் ஆட்கள் என்று ஒரு கோம்பி வகையே இருந்தது. இப்போது தரைக்கு அடியில் உயர் மின்னழுத்தப் பேட்டரி படுத்திருக்கிறது. சீட் போல்ட்டுக்காக டிரில்லை எடுத்துத் தரையில் ஓட்டை போடும் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். விபத்தில் பெல்ட் இழுக்கும் விசையைத் தாங்க, சீட் பிடிமானங்கள் உடற்சட்டத்தில் முதலிலிருந்தே வலுவாக இருக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டமும் ஆள் வண்டியை எம்1, சரக்கு வண்டியை என்1 என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் சோதிக்கிறது. ஆகவே வாரத்தில் ஒருநாளாவது பின்னால் ஆட்கள் உட்காருவார்கள் என்றால் ஆள் வண்டியையே வாங்கி, சரக்குக்காக சீட்டை மடக்குவதுதான் சரி என்பேன். மடக்கினால் ஐந்து சீட் வண்டியிலும் 2,200 லிட்டர் இடம் கிடைக்கும்.

சார்ஜ் போடுவதிலும் இரண்டுக்கும் தேவை வேறு. தினமும் ஒரே கிடங்குக்குத் திரும்பும் கார்கோவுக்கு சுவரில் 11 கிலோவாட் பெட்டி ஒன்று போதும், எட்டு மணி நேரத்தில் காலை லோடுக்குத் தயார். குடும்ப வண்டியோ வழியில் 170 கிலோவாட் வரை வாங்கி அரைமணியில் 80 சதவீதம் ஏறினால்தான் பின் சீட் குழந்தைகள் பொறுப்பார்கள். அந்த வேகம் பேட்டரி சில்லிட்டிருந்தால் கிடைக்காது, எனவே குளிர்காலத்தில் சார்ஜ் நிலையத்தை அடையும் முன்பே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி வாங்கப்போகும் மாடலில் இருக்கிறதா என்று ஷோரூமில் கேட்டுவிடுவது நல்லது.