கல்குவாரிக் குழியில் குப்பை கொட்டாதீர்கள்

போன வாரம் இன்னொரு கிணறு. சேர்வராயன் மலையடிவாரத்தில், கைவிட்ட கல்குவாரி ஒன்றுக்குக் கூப்பிடு தூரத்தில். வாளியில் சேந்திய தண்ணீர் டீத்தூள் ஊறிய நிறத்தில் இருந்தது. ஓரத்தில் நுரை. உப்பு அளக்கும் மீட்டரை விட்டதும் எண் ஏறிக்கொண்டே போனது. அந்தக் குவாரியில் மூன்று வருஷமாக லாரி லாரியாகக் குப்பை கொட்டியிருக்கிறார்கள்.

"பாறைக்குழிதானுங்களே சார், அதுல எப்படி இறங்கும்?" என்று கிணற்றுக்காரம்மா கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் குப்பைக்கிடங்குக்கு இடம் பார்க்கும் கூட்டங்களில் படித்தவர்களே இதை முடிந்த முடிவாகச் சொல்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாறையில் தண்ணீர் இறங்காது என்றால் உங்கள் போர்வெல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சேலத்தில் மேல்மண் கொஞ்சம்தான். கீழே நைஸ், சார்னோகைட் என்று கடினப்பாறை. 800 அடி, 1,000 அடி துளைத்து, ரிக்காரர் "கேப் வந்துடுச்சு" என்றதும் சந்தோஷப்படுகிறோமே, அந்தக் கேப் பாறையிலுள்ள வெடிப்பு. உங்களுக்குத் தண்ணீர் தரும் வெடிப்பும் குப்பைச் சாறு வரும் வழியும் ஒன்றேதான். நல்ல களிமண்ணாவது அழுக்கைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். வெடிப்புக்குள் வடிகட்ட எதுவும் கிடையாது, குழாயில் ஓடுவது போல ஓடிவிடும். அதிலும் குவாரி என்பது வெடிவைத்து உடைத்த குழி; இருந்த வெடிப்புகள் அகன்று, புதிதாகவும் விட்டிருக்கும். மழைக்காலத்தில் அங்கே தேங்குவது வெறும் மழைநீர் என்று நினைக்க வேண்டாம். பல குழிகளில் அது நிலத்தடி நீர்மட்டமேதான். குப்பையை நேராகத் தண்ணீரிலேயே கொட்டுகிறோம்.

"அடியில் பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிடலாம்" என்பார்கள். 2026-ல் புது விதிகள் வரும்வரை இருந்த 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகள் கேட்டது 90 செ.மீ. இறுகிய களிமண், அதன் மேல் 1.5 மி.மீ. ஷீட். நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் களிமண்ணுக்கு 2 மீட்டராவது கீழே நிற்க வேண்டும் என்றன. கூர் கூரான குவாரிச் சுவரில் ஷீட் கிழியாமல் இருக்குமா?

நடைமுறையில் முதலில் தேடுவது புறம்போக்கு எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், வீடுகள், குடிநீர்க் கிணறு, நெடுஞ்சாலையிலிருந்து 200 மீட்டர் தள்ளி என்று அதே விதிகள் சொல்லின. விமான நிலையத்திலிருந்து 20 கி.மீ.; சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தை மையமாக வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள், எவ்வளவு இடம் அடிபடுகிறது என்று தெரியும். இடம் 20, 25 வருஷத்துக்குத் தாங்க வேண்டும். மலைமேல் கிடங்கு கூடாது, ஏற்காட்டின் மிச்சக் குப்பை சமவெளிக்குத்தான் இறங்க வேண்டும். ஆனால் அடிவாரமும் லேசான இடம் இல்லை. திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில் பிறந்து காவிரிக்குப் போகின்றன.

200 மீட்டர் என்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று தரைக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வு செய்து, நாலு இடத்தில் துளை போட்டுப் பார்த்த பிறகுதான் தூரத்தைப் பற்றிப் பேசலாம். அப்புறம், நீர்மட்டம் சித்திரையில் அளந்ததா, கார்த்திகையில் அளந்ததா என்று கேளுங்கள். பல அறிக்கைகளில் வெயில்கால அளவுதான் இருக்கிறது.

குவாரி வைத்திருப்பவர்களுக்கு: குழியைக் குப்பைக்குக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

கிணறு ஏற்கெனவே நிறம் மாறியிருந்தால் கொதிக்க வைத்தும்கூடக் குடிக்காதீர்கள். உப்பும் உலோகமும் கொதியில் போகாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிடங்கு வரும் என்று பேச்சு அடிபட்டால், முதல் லாரி வருவதற்கு முன்பே கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்த அம்மாவிடம் பழைய சோதனைத் தாள் எதுவும் இல்லை, அதனால் குப்பையால்தான் கெட்டது என்று நிரூபிக்க இப்போது அல்லாடுகிறோம். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தையும் அளந்து, தேதி போட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.