தெரிவுக் கடிதத்துக்கும் முதற் கொடுப்பனவுக்கும் இடையில்: கிழக்கில் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

மட்டக்களப்பு மாவட்டத்துப் பாடசாலையொன்றில் உயர்தர மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்டல் ஆசிரியையாக 16 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் என்னைத் தேடி வருகின்ற பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைக்குமா ரீச்சர்?" என்பதுதான். கிடைத்த பின்னர் என்ன செலவு வரும், எந்தப் பத்திரம் தேவைப்படும், எத்தனை மாதத்துக்குக் கையில் காசு இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இலங்கையில் அரச பல்கலைக்கழகக் கல்வி இலவசம் என்பதால் அந்தக் கேள்விகளுக்கு இடமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகள் சிலர் முதல் ஆண்டை முடிக்காமல் வீடு திரும்பியதை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் எவரும் படிக்க இயலாமல் திரும்பியவர்கள் அல்லர்.

இந்தக் கட்டுரையில் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். 1981ஆம் ஆண்டு மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்த நிறுவனம், விவசாயம், விஞ்ஞானம், கலை கலாசாரம், வர்த்தக முகாமைத்துவம், சுகாதாரப் பராமரிப்பு, தொழில்நுட்பம் ஆகிய பீடங்களையும், திருகோணமலை வளாகத்தையும், கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையும் கொண்டது. கொழும்பு, பேராதனை ஆகியவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. நமது மாவட்டத்துப் பெற்றோர் பலர் இதனை விண்ணப்பத்தின் கடைசி வரிக்கு உரியதாகவே கருதுகிறார்கள். அந்த எண்ணத்திலிருந்துதான் முதலாவது தவறு தொடங்குகிறது.

அனுமதி முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைந்து, உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதமானவை பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூன்றும் அந்தப் பதினாறில் அடங்கும். வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணக்கிடும் இசட் புள்ளி எதைக் குறிக்கிறது என்பது இப்போது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். விருப்பத் தெரிவு வரிசை எதைச் செய்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு கற்கைநெறியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்த ஓர் இணைப்பாகும். உங்கள் புள்ளிக்கு முதலாவது தெரிவு கிடைக்காவிட்டால் இரண்டாவது பார்க்கப்படும், அதுவும் கிடைக்காவிட்டால் மூன்றாவது. ஆகவே மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே எழுதியது எவ்வளவு வசதியானதாக இருந்தாலும் அது உங்களுக்கு வராது. சில ஆண்டுகளுக்கு முன் ஏறாவூர்ப் பக்கத்து மாணவி ஒருவர், முகாமைத்துவத்துக்காகத் தூரத்துப் பல்கலைக்கழகங்கள் ஐந்தை வரிசையாக எழுதிவிட்டு, ஆறாவதாகக் கிழக்கை எழுதினார். "பெரிய கம்பஸ் முதலில் வரட்டும், இது எப்படியும் கிடைக்கும்தானே" என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். நான்காவது தெரிவு கிடைத்தது. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இடம் இருக்க, ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்ய வேண்டிய ஊரில் அவருக்கு இடம் வந்தது. தந்தை மீன்பிடித் தொழிலாளி. இரண்டாம் அரையாண்டின் போடிங் வாடகையைக் கட்ட முடியாமற் போனபோது அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தினார். பின்னர் என்னிடம் வந்து, "நான்தான் பிழையாக எழுதினேன் ரீச்சர்" என்றார். அந்த வரிசையை அவருடன் அமர்ந்து பார்த்திருக்க வேண்டியது என் கடமை. அந்த ஆண்டுக்குப் பின்னர் எந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தையும் பெற்றோர் அருகில் இல்லாமல் நான் நிரப்ப விடுவதில்லை.

எல்லோரும் வீட்டுக்கு அருகிலேயே படிக்க வேண்டும் என்பது என் கருத்தல்ல. வெளியூர் சென்று படிப்பது ஒரு பிள்ளைக்குத் தருகின்ற துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெண்பிள்ளை என்பதற்காக மட்டும் தூரத்துத் தெரிவுகளை வெட்டிவிடும் பெற்றோருடன் நான் பல தடவை வாதாடியிருக்கிறேன். நான் கேட்பதெல்லாம், ஒவ்வொரு வரியையும் எழுதும்போது அந்த இடத்தில் நான்கு ஆண்டுகள் வாழ ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள் என்பதுதான். கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து "இது எனக்குக் கிடைக்காது" என்று முடிவெடுப்பதும் தவறு. வெட்டுப்புள்ளி என்பது அந்த ஆண்டில் கடைசியாகத் தெரிவானவரின் புள்ளி. முன்கூட்டியே யாரும் கிழித்த கோடு அல்ல, ஆண்டுக்காண்டு மாறக்கூடியது. சங்கீதம், நடனம் போன்ற சில கற்கைநெறிகளுக்கு உரிய நிறுவனம் நடத்தும் உளச்சார்புச் சோதனைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் பலர் திகதி கடந்த பின்னரே அறிகிறார்கள்.

அடுத்தது பத்திரங்கள். 2024 நவம்பர் இறுதியில் பெருமழையாலும் வெள்ளத்தாலும் உயர்தரப் பரீட்சையே இடையில் நிறுத்தப்பட்டு டிசம்பர் 4ஆம் திகதி மீண்டும் தொடங்கியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் பிறப்புச் சான்றிதழும் பாடசாலைச் சான்றிதழும் நனைந்துபோன வீடுகள் எத்தனையோ. அதைவிட அடிக்கடி நான் காண்பது பெயர்ப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, தேசிய அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் தந்தையின் பெயர் இல்லாமல் முதலெழுத்து மட்டும். இத்தகைய திருத்தங்கள் ஒரு வாரத்தில் முடிவதில்லை. பதிவுக்குத் தரப்படும் காலமோ குறுகியது, அந்தத் திகதிக்குள் பதியாதவரின் இடம் வெற்றிடமாகக் கருதப்பட்டு அடுத்தவருக்குப் போய்விடும். எனவே உயர்தர வகுப்பில் சேரும்போதே மூன்று பத்திரங்களையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளையின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து வையுங்கள். மூலப்பிரதிகளைப் பொலித்தீன் உறையில் இட்டு உயரமான இடத்தில் வைப்பதோடு, படமெடுத்து ஒரு மின்னஞ்சலிலும் சேமித்து வையுங்கள்.

இனிக் காசு விடயம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மஹாபொல புலமைப்பரிசிலும், அது கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் ஊடாக நிதியுதவிக் கொடுப்பனவும் உள்ளன. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், நிதியுதவி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. நல்ல விடயம். ஆனால் ஓர் ஆண்டுக்குப் பத்துத் தவணைகளே வழங்கப்படுவதால் அந்த 7,500 ரூபாய் வீதம் கணக்கிட்டால் ஆண்டுக்கு 75,000 ரூபாய்தான். அதனை 365 நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 205 ரூபாய். கடையில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கும் எவருக்கும் இந்தத் தொகை எந்த நேரத்துச் சாப்பாட்டோடு முடிந்துவிடும் என்பது தெரியும். மஹாபொல ஒரு கைத்தாங்கல். அதை முழு வருமானமாக எண்ணித் திட்டமிடக் கூடாது.

இன்னும் முக்கியமானது, அந்தக் காசு முதல் நாளில் வருவதில்லை என்பது. விண்ணப்பத்தில் தந்த வருமான விவரத்தைக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்தி, பட்டியல் தயாராகி, முதற் கொடுப்பனவு கணக்கில் விழுவதற்குள் மாதங்கள் கடந்துவிடும். செலவுகளோ எல்லாம் அந்த மாதங்களில்தான் குவிகின்றன. விடுதி கிடைக்காதவர்கள் வந்தாறுமூலையிலோ செங்கலடியிலோ அறை எடுக்க வேண்டும், அதற்கு முற்பணம் கேட்பார்கள். மெத்தை, வாளி, மின்விசிறி, சமைத்துச் சாப்பிடுவதானால் அடுப்பும் பாத்திரமும் தேவை. விஞ்ஞானம், முகாமைத்துவம், தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு மடிக்கணினி இல்லாமல் முடியாது. விவசாய பீடத்தில் களப்பயணங்கள் உண்டு. இவற்றோடு போட்டோக்கொப்பிக் கடையில் நாளாந்தம் கரையும் சில்லறையும் தொலைபேசி டேட்டாவும் சேர்ந்துகொள்ளும்.

இந்த இடைவெளியில்தான் பெற்றோர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். நகையை வங்கியில் அடைவு வைப்பவர்களைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. வாராவாரம் வீட்டுக்கு வந்து தவணை வசூலிக்கும் நுண்நிதிக் கடனை எடுத்து மடிக்கணினி வாங்கிய தாய்மாரை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன். அந்தக் கடனின் முதல் தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடும், பிள்ளையின் முதற் கொடுப்பனவோ அப்போது எங்கோ ஒரு பட்டியலில் காத்திருக்கும். நமது மாவட்டத்தில் நுண்நிதிக் கடன் எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெறுபேறு வெளியாவதற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் பல மாதங்கள் கிடைக்கின்றன. 2024ஆம் ஆண்டுக்கான பெறுபேறு 2025 ஏப்ரல் இறுதியில்தான் வெளியானது, அதன் பின்னர் விண்ணப்பமும் வெட்டுப்புள்ளியும் பதிவும் என்று காலம் நீளும். அந்த மாதங்களில் சிறு சீட்டு ஒன்றில் சேர்ந்தாலோ, பிள்ளை ரியூசன் கொடுத்தோ கடையில் வேலை செய்தோ சேமித்தாலோ முதல் மூன்று மாதச் செலவில் பெரும்பகுதியைக் கடனில்லாமல் சமாளிக்கலாம். பழைய மடிக்கணினியை நம்பிக்கையான ஒருவர் மூலம் சோதித்து வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து போய்வருபவர்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பேருந்தின் மாணவர் பருவகாலச் சீட்டை முதல் மாதத்திலேயே பெற்றுக்கொள்ளலாம்.

அதே இடைக்காலத்தில் செய்ய வேண்டிய இன்னொன்று ஆங்கிலம். உயர்தரத்தைத் தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளை, விஞ்ஞானத்திலோ விவசாயத்திலோ முகாமைத்துவத்திலோ முதல் விரிவுரையிலேயே ஆங்கிலத்தை எதிர்கொள்கிறது. பல்கலைக்கழகம் தொடக்கத்தில் ஆங்கில வகுப்பு நடத்துகிறது, ஆனால் சில வாரங்களில் ஒரு மொழி வந்துவிடாது. இதனை நான் செலவுக் கணக்கிலேயே சேர்க்கிறேன். ஏனெனில் பரீட்சையில் தவறி ஆண்டைத் திரும்பப் படித்தால் அந்த ஆண்டின் வாடகையும் சாப்பாடும் இரண்டாம் முறை வருகின்றன, கொடுப்பனவும் தடைப்படலாம். வந்தாறுமூலையில் தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவர்களும் பெருந்தொகையினர். அவர்களுடன் பேசிப் பழகுவதால் ஆங்கிலமும் ஓரளவு சிங்களமும் நமது பிள்ளைகளுக்குக் கைகூடுவதை நான் பழைய மாணவர்களிடம் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். தங்கள் ஊரவர்களோடு மட்டும் ஒரு மூலையில் ஒதுங்கிவிடுபவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

படிப்புக் காலம் நீள்வதற்கும் இடம் வையுங்கள். 2024 மே தொடக்கம் ஜூலை வரை பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் நாடு முழுவதும் நடந்தபோது, வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளைகள் பலர் பூட்டிய அறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள். அறை எடுக்கும்போதே, பல்கலைக்கழகம் மூடப்பட்டால் வாடகை என்னவாகும் என்று உரிமையாளரிடம் பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பகிடிவதை பற்றி ஒரு வார்த்தை. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதைக்கு உள்ளாகி உயிரிழந்ததையடுத்து, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவிக்கும் பகிடிவதைக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. சிரேஷ்ட மாணவர் கேட்டதை வாங்கிக் கொடுக்கவும் அவர்கள் சொன்ன உடையை வாங்கவும் காசு கேட்டுப் பிள்ளை அழைத்தால், அதனை வழக்கம் என்று எண்ணி அனுப்பிவிடாதீர்கள். பிள்ளையின் குரல் மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள், மாணவர் ஆலோசகரை நேரிற் சென்று சந்தியுங்கள். பிள்ளை "வேண்டாம்" என்று தடுத்தாலும் செல்லுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பெறுபேறு வந்த இரண்டாவது சனிக்கிழமை எங்கள் பாடசாலை மண்டபத்தில் பெற்றோரை அழைத்து இவற்றைப் பேசுகிறேன். வரும்போது பிள்ளையின் மூன்று பத்திரங்களையும் ஒரு வெற்றுத் தாளையும் கொண்டுவரச் சொல்வேன். அந்தத் தாளில், பல்கலைக்கழகம் தொடங்கும் நாளிலிருந்து முதற் கொடுப்பனவு வரும் நாள் வரைக்குமான செலவைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து எழுத வேண்டும். கடந்த முறை ஒரு தாய் எழுதி முடித்துவிட்டு நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனிடமிருந்து பேனையை வாங்கி, விருப்பத் தெரிவு வரிசையில் இரண்டாவதாக இருந்ததை வெட்டி, கீழே இருந்த வந்தாறுமூலையை அந்த இடத்தில் எழுதலாமா என்று அவனிடம் கேட்டார். அவன் யோசித்து, முதலாவதை மட்டும் அப்படியே விடும்படி சொன்னான். இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.