பூனையின் 10 வாட்: வெளியில் வைக்கும் பெட்டி எப்படி வேலை செய்கிறது?

தெருவிலிருந்து மீட்ட பூனையை எல்லோராலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடிவதில்லை. ஏற்கனவே இருக்கும் பூனையோடு அது ஒத்துப்போகாது, அல்லது வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருக்கும். சில பூனைகளுக்கு நான்கு சுவர்களுக்குள் அடைந்து கிடப்பதே பிடிக்காது. அப்போது வாசலிலோ படிக்கட்டுக்கு அடியிலோ ஒரு பெட்டி வைக்கிறோம். பெரும்பாலும் அது பெரிய அட்டைப்பெட்டியாக இருக்கும், உள்ளே மடித்துப் போட்ட பழைய போர்வை. அன்போடு செய்வதுதான். ஆனால் ஈரமும் குளிருமான இரவில் அந்தப் போர்வையே பூனையின் சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

இது ஏன் என்று புரிய, ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி சூடு தருவதில்லை. சூடு தருவது பூனைதான். அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் பெட்டியின் வேலை.

எவ்வளவு சூடு? 4 கிலோ எடையுள்ள பூனை சும்மா படுத்திருக்கும்போது அதன் உடல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கிலோகலோரி செலவழிக்கிறது. வாட் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 10, அதாவது ஒரு எல்இடி பல்பு எடுக்கும் அளவு. இதை வைத்துத்தான் அது இரவு முழுவதும் தன் உடலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸில் காக்க வேண்டும்.

பூனையின் உடல் கூடுதல் சிரமம் இல்லாமல் இருப்பது சுற்றுப்புறம் ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி வரை இருக்கும்போது. வீட்டுப்பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட, வெப்பமான நிலங்களுக்குப் பழகியது. நமக்கு இதமாகத் தோன்றும் 22 டிகிரியிலேயே பூனையின் உடல் கொஞ்சம் அதிகமாக எரிக்க ஆரம்பித்துவிடுகிறது. நிறுத்திய காரின் இன்ஜினுக்குள் தெருப்பூனைகள் ஏறிப் படுப்பதும் இந்தச் சூட்டைத் தேடித்தான். (குளிர்காலக் காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.)

குளிரில் தூங்கும் பூனையைக் கிட்டே போய்ப் பாருங்கள். நான்கு பாதங்களும் வயிற்றுக்கு அடியில் போயிருக்கும். வால் சுற்றி வந்து மூக்கை மூடியிருக்கும். முடி சற்றே சிலிர்த்து, உடல் இருப்பதைவிடப் பருத்துத் தெரியும். சுருண்டு படுத்தால் காற்றுபடும் பரப்பு குறைகிறது. முடி குறைவான மூக்கும் பாதமும் உள்ளே மறைகின்றன. சிலிர்த்த முடிகளுக்கு இடையே அசையாத காற்று அடைபடுகிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். கம்பளி, தெர்மாகோல், பறவையின் இறகு எல்லாமே இப்படிக் காற்றை அடைத்து வைத்துத்தான் சூட்டைக் காக்கின்றன. பூனை தன் முடியால் செய்வதையே நாம் பெட்டியால் இன்னொரு அடுக்காகச் செய்கிறோம்.

இங்கேதான் அளவு முக்கியமாகிறது. 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்கு எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. தெர்மாகோல் ஒட்டினால், காற்றுக் கசிவு இல்லாத நிலையில், அந்த 10 வாட்டே உள்ளே வெப்பத்தை வெளியைவிட ஏறக்குறைய 8 டிகிரி உயர்த்திவிடும். அதே பெட்டியின் நீள அகல உயரத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். சூடு வெளியேறும் பரப்பு நான்கு மடங்காகிறது, பூனை தருவதோ அதே 10 வாட்தான். உயர்வு 2 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வெறும் அட்டைப்பெட்டி என்றால் சிறியதாக இருந்தாலும் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வாசல் திறந்திருப்பதால் நடைமுறையில் எல்லா எண்களும் இன்னும் குறையும், ஆனால் எது மேல் என்பது மாறாது. தாராளமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டி வாங்குவது பூனைக்கு உதவாது. அது எழுந்து திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும்.

தெர்மாகோலைப் பூனை பிராண்டும், கடித்துத் துண்டாக்கும். அதனால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இன்னொரு சிறிய டப்பாவை வைத்து, இரண்டுக்கும் நடுவில் தெர்மாகோலைச் செருகுவதுதான் எனக்குத் தெரிந்து நல்ல வழி. மழைக்கும் தாங்கும்.

சரி, போர்வை விஷயத்துக்கு வருவோம். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கின்றன. பூனை மழையில் நனைந்து வரும், அதன் மூச்சிலேயே ஈரம் இருக்கும். காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர் புகுந்துவிட்டால் போர்வை போட்டதற்குப் பலனே இல்லை. நனைந்த பூனைக்கு இன்னொரு இழப்பும் உண்டு. முடியில் 100 மி.லி. தண்ணீர் தங்கியிருந்து, அது ஆவியாகத் தேவையான வெப்பம் முழுவதும் உடலிலிருந்தே போனால், அதற்கு மட்டும் 58 கிலோகலோரி வேண்டும். ஒரு நாளின் 200-ல் கால் பங்குக்கும் மேல்! குளிரைவிட ஈரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

வைக்கோல் இந்த இடத்தில் அருமையான பொருள். அதன் தண்டு உள்ளே குழலாக இருக்கும், அதற்குள்ளும் காற்று. மேலே மெழுகுபோன்ற படலம் இருப்பதால் ஈரம் துணியில் ஊறுவதுபோல் சீக்கிரம் ஊறாது. பூனை அதைக் குடைந்து நடுவில் புதைந்து படுக்கலாம், போர்வைக்குள் அப்படிப் போகாது. மாட்டுத் தீவனமாகப் போடும் காய்ந்த புல்லை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

வாசல் 15 செ.மீ. அகலம் இருந்தால் பூனை நுழைந்துவிடும், பெரிய நாய் நுழையாது. நடுவில் வெட்டாமல் ஓரமாக வெட்டினால், பூனை மறுகோடியில் காற்றுப் படாமல் படுக்க இடம் கிடைக்கும். வாசலின் மேல்விளிம்பு கூரைக்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். சூடான காற்று மேலே போய்த் தங்கும், வாசல் உயரமாக இருந்தால் அப்படியே வெளியேறிவிடும். கீழ்விளிம்பு தரையிலிருந்து கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சாரல் உள்ளே வராது. பெட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் ஈரத்தரை சூட்டை உறிஞ்சாது. மூச்சின் ஈரம் மூடியின் அடியில் நீர்த்துளியாகப் படியாதிருக்க, மேலே ஓரத்தில் விரல் நுழையாத அளவுக்கு ஒன்றிரண்டு துளைகள் போதும். சாப்பாட்டையும் தண்ணீரையும் வெளியே வையுங்கள், உள்ளே சிந்தினால் மறுபடியும் ஈரம்.

எதிரெதிரே இரண்டு வாசல் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நாய் வந்தால் தப்பிக்க வழி வேண்டும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் காற்று நேராக ஊடுருவினால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். ஒரே வாசலாக வைத்து, அதைச் சுவரைப் பார்த்தாற்போல் பூனை நுழையும் இடைவெளி விட்டுத் திருப்பி வைப்பதே மேல் என்பது என் எண்ணம்.

வெயில் காலத்தில் எல்லாம் தலைகீழ். தெளிவான வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொட்டுகிறது. நம் பெட்டியின் மூடி 0.2 சதுர மீட்டர். அதன் மேல் விழுவது 200 வாட், பூனை தரும் சூட்டைப்போல் 20 மடங்கு. அதில் ஒரு பகுதி உள்ளே வந்தாலே ஆபத்து, காற்றோட்டமில்லாத பெட்டியில் வந்த வெப்பம் போகவும் வழியில்லை. பூனைக்குப் பாதங்களில் மட்டும்தான் சொல்லும்படி வியர்க்கும். உடம்பை நக்கி, எச்சில் ஆவியாவதால்தான் குளிர்ச்சி தேடிக்கொள்கிறது. ஓய்வாக இருக்கும் பூனை வெயிலில் நாய்போல வாயைத் திறந்து இரைத்தால் அது அவசரநிலை, உடனே நிழலுக்குக் கொண்டுபோய் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வெயில் காலத்துக்கு மூடிய பெட்டியை எடுத்துவிட்டு, நிழலில் கால் வைத்த பலகையும், அதற்கு மேல் இடைவெளி விட்டு ஒரு வெள்ளைக் கூரையும் போதும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், இடைவெளியில் ஓடும் காற்று கூரையின் சூட்டைக் கொண்டுபோகும்.

இவ்வளவும் செய்த பிறகும் பூனை பெட்டிக்குள் போகாமல் வெளியே நின்று முறைக்கலாம். அதற்கு மூடிய இடம் பிடிக்காமல் இல்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களிலேயே மற்றவற்றைவிட அமைதியடைந்தன. பூனைக்கு அந்நியமாக இருப்பது புதுப்பெட்டியின் வாசனைதான். அது கன்னத்தை உரசித் தன் மணத்தைப் பூசிய இடத்தைத்தான் தன்னுடையது என்று நம்பும். ஏற்கனவே படுத்த துணியின் ஒரு துண்டால் வாசல் விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே நகர்த்துங்கள். உள்ளே போன பிறகு குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். பெட்டியை அடிக்கடி இடம் மாற்றவும் வேண்டாம். வைக்கோலை மாற்றும்போது ஈரமில்லாத பழையதில் ஒரு கைப்பிடி விட்டுவைத்தால் அதன் மணம் தொடர்ந்து இருக்கும்.

சில பூனைகளுக்கு எவ்வளவு நல்ல பெட்டியும் போதாது. பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளால் தங்கள் வெப்பத்தைத் தாங்களே காக்க முடியாது, தாயின் சூடோ அதற்கு ஈடாக வெளியிலிருந்து சூடோ வேண்டும். எலும்பும் தோலுமாக வந்த பூனையிடம் எரிக்கக் கொழுப்பு இல்லை. கருத்தடை அறுவை முடிந்து வந்த பூனைக்கு மயக்க மருந்தின் தாக்கத்தால் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறன் தற்காலிகமாகக் குறைந்திருக்கும். இவற்றுக்கு குளியலறையிலோ சமையலறை மூலையிலோ வீட்டுக்குள் ஓர் இடம் ஒதுக்குங்கள். தேறி, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து, மருத்துவரும் சரி என்று சொன்ன பிறகு வெளிப்பெட்டிக்கு மாற்றலாம்.