கல்குலேற்றரில் ஒரு பூவாணம்

கனடாவில் இருந்து வந்த மாமா கொடுத்த ரி.ஐ-84 பிளஸ் கல்குலேற்றரில் புரோகிராம் எழுதி, திரையில் பூவாணம் விட்டுப் பார்த்தாராம் கொக்குவில் தம்பி ஒருவர். "படம் வெட்டி வெட்டி வருகுது, ஏன்?" என்று கேட்கிறார்.

வெட்டுக்கு மருந்து சுகம். ஒவ்வொரு முறையும் திரை முழுவதையும் துடைக்கிறீர்கள் போல. வரையக்கூடிய இடம் 63 நிரை, 95 நிரல். உங்கள் தீப்பொறிகளோ இருபது, பொறிக்கு ஒரு புள்ளி. பழைய இருபது புள்ளியை அணைத்துப் புதிய இருபதை ஏற்றினால் போதும். மெதுவான 15 மெகாஹேர்ட்ஸ் சில்லு, பாவம்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். புரோகிராமில் பரவளைவின் (எறிந்த கல் போகும் வளைவின்) சமன்பாடு எங்கேயும் இல்லை, பார்த்தீர்களா? ஒரு பொறி 40ஆம் நிரையில் நிற்கிறது, வேகம் -5. (இந்தத் திரையில் நிரைகளை மேலிருந்து கீழே எண்ணுவதால், மேலே போவது கழித்தல்.) பொறி எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் வேகத்தோடு 1ஐக் கூட்டு, பிறகு அந்த வேகத்தை இடத்தோடு கூட்டு. அவ்வளவுதான் புவியீர்ப்பு. நிரைகள் இப்படி வரும்: 36, 33, 31, 30, 30, 31, 33, 36, 40. உச்சியில் 30 இரண்டு தரம் வருகிறது. உண்மையான பூவாணப் பொறி மேலே போய் ஒரு கணம் தயங்குமே, அந்தத் தயக்கம்தான் அது. பக்கவாட்டில் அடிக்கு 2 நிரல் நகர்த்துங்கள், வளைவு தானாக வரும். பொறிக்குத் தெரிந்தது அடுத்த அடி மட்டும்.

இருபது பொறிக்கும் தனித்தனியாகக் கூட்டவும் வேண்டாம். இடங்களை ஒரு பட்டியலிலும் வேகங்களை இன்னொன்றிலும் வைத்தால், பட்டியலோடு பட்டியலை ஒரே வரியில் கூட்டிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பென்னாம்பெரிய தொடுதிரை வாங்கி அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சரஸ்வதி பூசைக்குத் திறந்து பொட்டு வைப்பார்கள். அந்தக் காசுக்கு இப்படி எத்தனை கல்குலேற்றர் வாங்கிப் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கலாம்!

ஒன்று கவனம் தம்பி: நிரை எண் 0 முதல் 62 வரைதான். அதைத் தாண்டினால் 'டொமைன்' என்று பிழை காட்டி நின்றுவிடும். தாண்டும் பொறியைப் பழையபடி பூவாணத்தின் வாய்க்கே, தொடக்க வேகத்தோடு அனுப்பிவிடுங்கள். நான்கு பற்றரியும் தீரும்வரை எரியும்.