மேக்னட் நட்டில் டிரில் வைப்பவர்களுக்கு

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் எங்கள் பட்டறைக்கு வந்தார். பின்னாலேயே அவருடைய நண்பர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழைய 100 சிசி வண்டி. என்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் காந்தச் சக்கரமான மேக்னட்டை மூடும் இடது பக்கக் கவரின் நடுவில் இருக்கவேண்டிய வட்ட மூடியைக் காணவில்லை. அந்த ஓட்டை வழியாக ஆயில் வடிந்து ஃபுட்ரெஸ்ட்டில் மண்ணோடு அப்பியிருந்தது.

“என்ன தம்பி செய்தீர்கள்?”

“கிக்கர் வழுக்குகிறது அண்ணே. டிரில்லில் பாக்ஸ் மாட்டி ஸ்டார்ட் செய்கிற வீடியோ ஒன்று பார்த்தேன்…”

மீதியை அவருடைய மணிக்கட்டே சொல்லிவிட்டது.

இந்த வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். மூடியைக் கழற்றி, உள்ளே தெரியும் மேக்னட் நட்டில் பாக்ஸை, அதாவது நட்டைக் கவ்வும் குழல் ஸ்பேனரைப் பொருத்தி, டிரில்லின் விசையை அழுத்துகிறார்கள். என்ஜின் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதற்கு அடுத்த நொடியில் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் காட்டுவதில்லை.

முதலில் அந்த நட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் நின்று பார்த்தால், நம் ஊர் ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கிராங்க் (பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு) கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். நட்டில் இருப்பதோ சாதாரண வலது மரை. ஆக, என்ஜின் சுற்றவேண்டிய திசையும் நட் கழலும் திசையும் ஒன்றுதான். டிரில்லை ரிவர்ஸில் போட்டு அழுத்துகிறவர் வண்டியை ஸ்டார்ட் செய்வதாக நினைத்துக்கொண்டு நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். நட் தளர்ந்தால், கிராங்கின் கூம்பு முனையில் மேக்னட் இறுகி உட்கார்ந்திருக்கும் டேப்பர் பிடி விட்டுப்போகும். அதன் பிறகு மேக்னட் நகராமல் நிற்பது இரண்டையும் பூட்டிவைக்கும் நகத்தளவு உலோகத் துண்டான ஓர் அரைநிலாச் சாவியின் தயவில். என்ஜின் ஒருமுறை உதறினால் அது துண்டாகிவிடும். சாவி போனால் டைமிங் போயிற்று. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு வெகு முன்பே தீப்பொறி விழும். கிராங்க் பின்னோக்கி எகிறும்.

அந்த மாணவரின் வண்டியைப் பிரித்தபோது நட் விரலாலேயே கழன்று வந்தது. சாவியின் ஒரு பாதி கிராங்கின் பள்ளத்திலும் மறுபாதி மேக்னட்டிலும் கிடந்தன. முதல் முறை நட்தான் சுற்றியிருக்கிறது. அதை முறுக்கிவிட்டு மறுபடியும் முயன்றிருக்கிறார். அப்போது கிராங்க் எதிர்த்திசையில் ஓர் உதை விட்டிருக்கிறது. பாக்ஸ் நட்டிலேயே பிடித்துக்கொள்ள, டிரில் அவர் கையோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது. பிடிமானத்துக்கான பக்கக் கைப்பிடியை மாட்டாமல் ஒற்றைக் கையில் பிடித்திருந்ததால், முழு விசையையும் மணிக்கட்டே வாங்கிக்கொண்டது.

சரி, நட் கழலவில்லை, சாவியும் உடையவில்லை, என்ஜின் ஒழுங்காகவே பற்றிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் பெரிய சிக்கலே ஆரம்பிக்கிறது. இத்தகைய வண்டி ஐட்லிங்கிலேயே நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று ஓடும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்திருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் அதைப் போல இரண்டு மடங்கு. அதுவரை டிரில் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது என்ஜின் டிரில்லைச் சுற்றும். நீங்கள் விசையை விட்டாலும் பாக்ஸ் நட்டை விடாது.

கம்பெனி வடிவமைப்புகள் எல்லாமே கவலைப்படுவது இந்த ‘விடுவது’ பற்றித்தான். கிக்கரில் ராச்செட் இருக்கிறது. என்ஜின் முந்திக்கொண்டதும் அது பல்லை விலக்கிவிடும். செல்ஃப் மோட்டாருக்கும் கிராங்குக்கும் நடுவே ஒன்வே கிளட்ச் இருக்கிறது. உள்ளே சின்னச் சின்ன உருளைகள்: மோட்டார் சுற்றும்போது இறுகும், என்ஜின் வேகமெடுத்ததும் தளரும். மோட்டார்சைக்கிளை வெளியிலிருந்து சுற்றிவிட ஆயிரம் வழி உண்டு. சரியான நொடியில் கழன்றுகொள்ள அந்த டிரில்லில் ஒரு வழியும் இல்லை.

என் அப்பா வயலில் ஐந்து குதிரைச் சக்தி டீசல் என்ஜின் வைத்திருந்தார். அதைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலின் வாயைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். என்ஜின் ஓடியதும் அதுவே ஹேண்டிலை வெளியே தள்ளிவிடும். அப்படியிருந்தும், கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தால், என்ஜின் எதிர்த்து உதைக்கும்போது கையை விடுவிக்க முடியாது. அந்தக் காலத்துக் கார்களிலும் இதே கதைதான். ஹேண்டில் அடித்துக் கை முறிந்தவர்கள் ஏராளம். 1912 மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது அதற்கு அவ்வளவு வரவேற்பு கிடைக்க அதுவும் ஒரு காரணம்.

டிரில் இல்லாதவர்கள் கையாளும் இன்னொரு வித்தை உண்டு. இரண்டு வண்டிகளையும் முதுகோடு முதுகாக சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஓடும் வண்டியின் பின் டயரை ஓடாத வண்டியின் பின் டயரோடு உரசவிடுவார்கள். மோட்டோஜிபி பந்தய வண்டிகளில் செல்ஃப் கிடையாது, பின் சக்கரத்தை உருளை வைத்துத்தான் சுற்றுகிறார்கள், நாமும் அதைத்தானே செய்கிறோம் என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். அங்கே பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் சூழ்ந்து நிற்கிறார்கள், உருளையும் அதற்கென்றே செய்யப்பட்டது. இங்கே வண்டி கியரில் இருக்கிறது, ஸ்டாண்டோ துருப்பிடித்தது. என்ஜின் பற்றிக்கொண்ட நொடியில் ஸ்டாண்டு மடங்கினால், ஆளில்லாத வண்டி நேரே எதிர்ச் சுவருக்குப் பாயும். வேட்டியோ துப்பட்டாவோ அந்த இரண்டு டயர்களுக்கு நடுவில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

பேட்டரி இறங்கிய வண்டிக்கு ஜம்பர் கேபிள் போடுவது இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் அடுத்த வண்டியின் பேட்டரி 12 வோல்ட்தானா என்று பாருங்கள். லாரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். நெடுஞ்சாலையில் உதவ வந்த லாரிக்காரரிடம் கேபிள் வாங்கிப் போட்டு, வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான ஈசியூவைக் கருக்கிக்கொண்டு வந்தவர் ஒருவர். அந்த லாரிக்காரர் மேல் தப்பில்லை. மனிதர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். காரிலிருந்து கொடுப்பதானால் காரின் என்ஜினை அணைத்துவிட்டுக் கொடுங்கள்.

கார்பரேட்டர் வண்டியை இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்வது இன்றும் நல்ல வழிதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு வாங்கிய வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பேட்டரி அடியோடு செத்துப்போயிருந்தால் அவற்றில் பெட்ரோல் பம்ப் ஓடாது. எவ்வளவு தூரம் தள்ளினாலும் மூச்சு வாங்குவது உங்களுக்குத்தான்.

பட்டறையில் நானும் டிரில்லால் என்ஜினைச் சுற்றுவதுண்டு, மறைக்கவில்லை. என்ஜின் வேலை முடித்ததும் ஆயிலை மேலே ஏற்றுவதற்காக. அப்போது பிளக் வெளியே இருக்கும், வண்டிச் சாவி என் சட்டைப்பையில் இருக்கும், பெட்ரோல் டியூப் கழற்றப்பட்டிருக்கும். கம்பரஷன் இல்லாததால் நட்டின்மேல் சுமையும் இல்லை. ஸ்டார்ட் செய்வதற்கு அதை ஒருபோதும் தொடமாட்டேன்.

அந்த மாணவரின் வண்டிக்கு வருகிறேன். கிக்கர் லீவரின் உட்பல் தேய்ந்து ஷாஃப்டில் வழுக்கியிருந்தது. அவ்வளவுதான் கோளாறு, சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். இப்போது அதோடு சாவி, நட், ஆயில், மேக்னட் டேப்பரைத் தேய்த்து உட்காரவைத்த கூலி எல்லாம் சேர்ந்துவிட்டன. புது லீவரை மாட்டிவிட்டு, “நீங்களே உதையுங்கள் தம்பி” என்றேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உதைத்தார். இரண்டாவது உதையில் வண்டி ஓடியது. ஓட்டிக்கொண்டு போனது நண்பர்தான்.